டெமோ மிஸ்

சாக்பீஸ் தூள் இன்னும் கையிலதான் இருக்குது. எதுத்தாப்புலயே குழாய் இருக்குது, தண்ணியும் வருது, நான்தான் கழுவல. பிரின்சிபால் ரூமுக்கு வெளியே கிடக்கிற இந்த இரும்பு பெஞ்சில உக்காந்துக்கிட்டு, சேலையில படாம வலது கையை மட்டும் தனியா மடியில மலத்தி வெச்சிருக்கேன், மருதாணி வெச்சவ கணக்கா. வெயிட் பண்ணுங்க, மேடம் கூப்பிடுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பண்றேன். கரூர்ல இருக்குற அத்தனை ஸ்கூல் பெஞ்சும் எனக்குப் பழக்கம்தான், எதுல ஆணி நீட்டிக்கிட்டு இருக்கும், எது ஒரு பக்கமா ஆடும்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இந்தப் பெஞ்சு பரவால்ல. மேல ஃபேன் கூட ஓடுது. ஃபேன் போட்டு விட்டிருக்காங்கன்னா நல்லதுதானே? அட போடி, ஃபேன் ஓடுறதையெல்லாம் சகுனமா எடுத்துக்க ஆரம்பிச்சுட்டியா. ஆனா ஃபேன் மட்டும் இல்லையே. பாஞ்சு நிமிஷம்தான் டெமோன்னு போன்ல சொன்னாங்க. வேலை கேட்டு வர்றவங்களை ஒரு கிளாஸ்ல நிக்க வெச்சு, நடத்துங்க பாக்கலாம்னு சொல்றதுதான் டெமோ. எல்லா ஸ்கூல்லயும் பத்து நிமிஷத்துல, போதும் மேடம், தேங்க்யூன்னு கையைக் காட்டிருவாங்க. இங்க முழு பீரியடும் நடத்த விட்டாங்க. பெல் அடிக்கிற வரைக்கும் யாரும் நிறுத்தல. புடிக்காம இருந்தா நிறுத்தியிருக்க மாட்டாங்களா? புடிச்சுதான் இருக்கணும். பூங்கொடி, கிடைச்சுருச்சுடி உனக்கு. இந்தா, இதைத்தான் நினைக்கக்கூடாதுன்னு பஸ்ல வரும்போதே எனக்கு நானே சத்தியம் பண்ணியிருந்தேன்.

ஏழாவது பி. அப்பா, உள்ள காலை வெச்சதும் ஒரு வாசம் அடிச்சுது பாருங்க. வேர்வையும் தயிர்சாதமும் பென்சில் சீவுன தூளும் யாரோ தலைக்கு வெச்ச கனகாம்பரமும், எல்லாம் கலந்து. பத்து வருஷமா நான் ஏங்கின வாசம். குட் மார்னிங் மிஸ்ஸ்ஸ்னு இழுத்தாங்க பாரு, அந்த ஸ் இருக்கே, அது செவுத்துல பட்டுத் திரும்பி என் வயித்துல வந்து உக்காந்துச்சு. கல்யாணத்துக்கு முன்ன ஒரே ஒரு வருஷம் வேலை பாத்தேன், குளித்தலைப் பக்கம் ஒரு சின்ன ஸ்கூல்ல. அந்த ஒரு வருஷத்தை வெச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன். போன வருஷம் பஸ்ல ஒரு மீசை வெச்ச பையன் எந்திரிச்சு எடம் குடுத்து, மிஸ், என்னைத் தெரியுதுங்களான்னான். சத்தியமாத் தெரியல. தெரியுது தெரியுது, உக்காருப்பான்னேன். இறங்குற வரைக்கும் அவன் உக்காரவே இல்ல, பக்கத்துலயே நின்னுக்கிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து மித்ரா அப்பாகிட்ட அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கடைசியில மித்ராவே, அம்மா, எல்லாருக்கும்தான் சீட் குடுப்பாங்கன்னுட்டா. ஒம்பது வயசுக்கு என்ன பேச்சு. அவளுக்கு எங்க தெரியும். வீட்ல எனக்கு எத்தனை பேரு. மித்ராம்மா, தனபால் வீட்டம்மா, கேஸ் சிலிண்டர்காரருக்கு மூணாம் நம்பர் வீடு. எல்லாம் நல்ல பேருங்கதான், எதையும் குத்தம் சொல்லல. ஆனா மிஸ்னு யாராவது கூப்பிட்டா எனக்கு முதுகு தானா நிமிருதே, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

இன்னும் கூப்பிடக் காணோம். உள்ள யார்கூடவோ போன்ல பேசுற சத்தம் கேக்குது, சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும், நல்ல மனநிலையில இருக்கட்டும். என்ன கேப்பாங்க? அந்தக் கேள்வியைத்தான் கேப்பாங்க. நடுவுல பத்து வருஷம் என்ன பண்ணீங்க? பைபாஸ் பக்கத்து ஸ்கூல்ல ஒருத்தர், டை கட்டினவர், அதைக் கேட்டுட்டு நாற்காலியில சாஞ்சுக்கிட்டார், ஏதோ நான் ஜெயில்ல இருந்துட்டு வந்த மாதிரி. என்ன பண்ணினேன்? ஒரு புள்ளையை நடக்க வெச்சேன் சார். மாமியாரு பக்கவாதத்துல விழுந்தாங்க, அவங்களைத் தூக்கி உக்கார வெச்சேன், அவங்க போற வரைக்கும் முதுகுல ஒரு புண்ணு வர விடல. இதுக்கெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் யார்கிட்ட வாங்குறதுன்னு தெரியல சார். இப்படிச் சொல்லியிருக்கணும். சொன்னது என்ன? ஃபேமிலி சார். ஒரே வார்த்தை, அதுவும் சிரிச்சுக்கிட்டு. இன்னொரு ஸ்கூல்ல, வேலை உண்டு மேடம், ஆனா கோடை லீவுல வீடு வீடாப் போயி பத்து அட்மிஷன் புடிச்சுக்கிட்டு வரணும்னாங்க. எம்.எஸ்சி. தாவரவியல் படிச்சவ, டீச்சருக்கான தகுதித் தேர்வு பாஸ் பண்ணினவ, ஊர்ல இருக்குற வாசல் எல்லாம் ஏறி, உங்க புள்ளையை எங்க ஸ்கூல்ல சேருங்கன்னு நிக்கணுமாம். ரோஷமா எந்திரிச்சு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம், பத்துதானே, சொந்தக்காரங்க புள்ளைங்களே நாலு தேறுமேன்னு கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் என் ரோஷம். மறுநாள் போன் பண்ணினா அந்த எடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்களாம்.

இது கடைசி. அப்படித்தான் பேச்சு. மித்ரா அப்பா கெட்டவர் இல்ல, பஸ் பாடி கட்டுற பட்டறையில பெயிண்டிங் பாக்குறார், சாயங்காலம் வந்தா நகத்துல இருக்குற பெயிண்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுட்டுத்தான் மித்ராவைத் தொடுவார். முந்தாநேத்து சாப்பிட்டுக்கிட்டே, ஏன் பூங்கொடி, இன்னும் எத்தனை ஸ்கூல் பாக்கி இருக்குது கரூர்லன்னார். கிண்டல் இல்ல, நிஜமாவே கேட்டார். ஒவ்வொரு தடவையும் நீ அந்த இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கிட்டுப் போயி, சாயங்காலம் திரும்பி வந்து பேசாம வெங்காயம் அரியறதை என்னால பாக்க முடியலன்னார். அவரோட மாமா ஜவுளி எக்ஸ்போர்ட் வெச்சிருக்கார், அங்க செக்கிங்ல எடம் இருக்குது, வியாழக்கிழமை ஒண்ணாந்தேதி, அன்னைக்கே வரச் சொல்லிட்டார். கண்ணாடி மேசைக்கு அடியில லைட்டு எரியும், மேல துணி ஓடிக்கிட்டே இருக்கும், எண்ணெய்க் கறை, அறுந்த நூலு, நெசவு விட்ட எடம், எதைப் பாத்தாலும் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டணும். ஒரு நாள் போயி பாத்தேன். வரிசையா பொம்பளைங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தரும் ஒருத்தர்கிட்டயும் பேசல, துணிதான் போயிக்கிட்டே இருந்துச்சு. கௌரவமான வேலைதான். தெரியாமலா இருக்குது. இந்த ஒரு ஸ்கூல் மட்டும் பாத்துட்டு வந்துடறேங்க, இல்லன்னா வியாழக்கிழமை செக்கிங்குக்குப் போறேன், அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னேன். சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி ரசத்துல உப்பைப் போட்டேன், ரெண்டு தடவை போட்டுட்டேன், அவர் அதையே ஊத்திச் சாப்பிட்டு எந்திரிச்சார்.

அதனாலதான் இன்னைக்கு உயிரைக் குடுத்து நடத்தினேன். இலைத்துளை நடத்தினேன். இலைக்கு அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் வாய் இருக்குது, தெரியுமான்னு ஆரம்பிச்சேன், கிளாஸே கப்சிப். போர்டுல ரெண்டு அவரைக்கொட்டையை எதிரெதிரா வரைஞ்சு, இதுதான் காப்புச் செல், இது உப்புனா வாய் தொறக்கும், சுருங்குனா மூடிக்கும்னு சொல்லிட்டு, எங்கே, எல்லாரும் இலை ஆகுங்க பாக்கலாம்னேன். வெயில் அடிக்குது, தண்ணி இல்ல! டப்னு அத்தனை வாயும் மூடிக்கிச்சு. மழை பேஞ்சிருச்சு! ஆன்னு தொறந்தாங்க, ஒருத்தன் தொறந்த வாயை மூடவே இல்ல, பக்கத்துல இருந்தவன் சாக்பீஸ் துண்டை வெக்கப் போனான். மித்ராவோட நகப்பாலிஷை காலையிலேயே ஒரு இலையில தடவிக் காய வெச்சுக் கொண்டு போயிருந்தேன், அதை உரிச்சு எடுத்தா இலைத்துளையோட அச்சு அப்படியே வந்துரும், மைக்ராஸ்கோப்புல பாத்தா தெரியும். மைக்ராஸ்கோப்பு கண்ணாடி பீரோவுல பூட்டி இருக்குதாம், பரவால்ல, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சேன், ஒண்ணும் தெரியாது, ஆனாலும் அத்தனை பேரும் ஓடி வந்து, தெரியுது மிஸ், தெரியுது மிஸ்னு கத்தினாங்க. கடைசி பெஞ்சில ஒருத்தன், காது பெருசா, கையையே தூக்கல. பக்கத்துல போயி குனிஞ்சு கேட்டா மெதுவா எல்லாத்துக்கும் சரியா பதில் சொல்றான். உன் பேரென்ன கண்ணுன்னேன். அகத்தியன்னான். சத்தமாச் சொல்ல மாட்டியான்னா, சத்தமாச் சொன்னா திக்குறது தெரிஞ்சுரும், சிரிப்பாங்க மிஸ்னான், திக்கித் திக்கி. அவனுக்கு ரெண்டு நாள் போதும். இல்ல, ஒரு வாரம். ஒரு வாரத்துல அவனை எந்திரிச்சு நின்னு பேச வெச்சிருவேன், குளித்தலையில இப்படித்தான் ஒருத்தியை, அவ பேரு இப்ப வாயில வரல.

ஆனா அந்தச் சின்னப் பொண்ணு, ரெட்டைச் சடை, அவ சொன்னது இருக்கே. அதை நான் அப்பவே ஒதுக்கி வெச்சுட்டேன், இப்ப வந்து நிக்குது. ஆரம்பத்துல நான், இலை ஏன் பச்சையா இருக்குன்னு கேட்டதும், பச்சையம் மிஸ்னு மொத்தமா கத்தினாங்களா, அப்ப அவ எந்திரிச்சு, மிஸ், பச்சையம் போன வாரம் வந்த டெமோ மிஸ் நடத்திட்டாங்க, ஒளிச்சேர்க்கை நேத்து வந்த டெமோ மிஸ் நடத்திட்டாங்க, நீங்க இலைத்துளை நடத்தணும் மிஸ்னா. சரிம்மா உக்காருன்னுட்டு சந்தோஷமா ஆரம்பிச்சுட்டேன். பல பேரைப் பாத்துத்தானே எடுப்பாங்க, நாலு பேரு வரத்தான் செய்வாங்க. வரட்டும். ஆனா எல்லாரையும் ஒரே கிளாஸுக்கா அனுப்புவாங்க? ஒரே பாடத்தையா, ஒருத்தர் விட்ட எடத்துலேர்ந்து ஒருத்தரா? போன்ல என்கிட்டயும் இலைத்துளைன்னுதானே சொன்னாங்க. எனக்குப் புடிச்ச பாடத்தை நானே எடுத்துக்கட்டுமான்னு கேட்டதுக்கு, இல்ல மேடம், இதையே எடுங்கன்னாங்களே. அப்புறம் இன்னொண்ணு. பின்னாடி உக்காந்து பாக்குறதுக்கு ஒரு மிஸ் வந்தாங்க, வந்தவங்க போன் அடிச்சுதுன்னு வெளிய போனாங்க, திரும்பி வரவே இல்ல. மொத்தப் பீரியடும் பசங்களும் நானும் மட்டும்தான். பாக்காம எப்படி எடுப்பாங்க? வராண்டாவுல நின்னு கேட்டிருப்பாங்க. ஆமா, கேட்டிருப்பாங்க, நான் கவனிக்கல. என் குரலு எப்பவும் மூணு கிளாஸ் தாண்டிக் கேக்கும். கேட்டுத்தான் இருப்பாங்க. டெமோ மிஸ்னு என்ன இவ்வளவு சரளமாச் சொல்றா அந்தப் பொண்ணு, கணக்கு மிஸ், தமிழ் மிஸ் மாதிரி, அப்படி ஒரு மிஸ் டைம்டேபிள்லயே இருக்குற மாதிரி. வேண்டாம் பூங்கொடி, கண்டதையும் போட்டுக் கொழப்பிக்காத. நல்லா நடத்தின. நல்லா நடத்தினேன்தானே?

உள்ள வாங்க மேடம்னு குரல் வந்துச்சு. போனேன். கண்ணாடி மேசை, சாமி படம், மல்லிகைப்பூ, பிரின்சிபால் அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். உக்காரச் சொல்லல. எதுவரைக்கும் முடிச்சீங்கன்னாங்க. எப்படி நடத்துனீங்கன்னு இல்ல, பசங்க எப்படி இருந்தாங்கன்னு இல்ல, எதுவரைக்கும் முடிச்சீங்க. இலைத்துளை முழுசா முடிச்சுட்டேன் மேடம், பசங்க ரொம்ப ஆர்வமான்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள, கேள்வி பதில் எழுதிப் போட்டுட்டீங்களான்னாங்க. போட்டுட்டேன் மேடம். வெரி குட், அரையாண்டு வருதுல்ல, அப்ப வியாழக்கிழமை செகண்ட் ரவுண்ட் டெமோ வெச்சுக்கலாம், சுவாசித்தல் எடுத்துருங்க, அதுக்கப்புறம் கரஸ்பாண்டன்ட் சார் முடிவு சொல்லுவார். மேடம், நிஜமாவே போஸ்ட் இருக்குதுங்களான்னேன். என் குரல்தானான்னு எனக்கே சந்தேகம். அவங்க பேனாவை மூடினாங்க. சயின்ஸ் மிஸ் பிரசவ லீவுல இருக்காங்க, அரையாண்டு முடிஞ்சா வந்துருவாங்க, ஆனா ஃபியூச்சர்ல வேகன்சி வந்தா உங்களைக் கண்டிப்பா நினைவு வெச்சுக்குவோம்னாங்க. அப்ப எங்களை எல்லாம் ஆளுக்கு ஒரு பாடம்னு கூப்பிட்டு, சும்மா நடத்த வெச்சுக்கிறீங்களா? இப்படிக் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வந்தது இவ்வளவுதான்: அப்ப நான் வரலைங்க மேடம். உங்க விருப்பம்னாங்க. கதவைச் சாத்திட்டு வெளியே வந்தேன், அழுகை இல்ல, ஆத்திரம், இந்தப் படிப்பைப் படிச்சதுக்கே என்னை நாலு அறை விட்டுக்கலாம்ங்கற ஆத்திரம்.

நான் உக்காந்திருந்த பெஞ்சில இப்ப ஒரு பொண்ணு உக்காந்திருக்குது. இருபத்தஞ்சு வயசு இருக்கும், பச்சைக் கலர் சேலை, புதுப் பின்னு, மடியில ஒரு சார்ட்டை உருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்குது. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுச்சு. பாவமாப் போச்சு. நின்னு சொல்லிட்டேன்: இந்தா பாரும்மா, இங்க வேலை எதுவும் இல்ல, லீவுல போன மிஸ்ஸுக்குப் பதிலா நம்மளை ஓசியில நடத்த விட்டுக்கிட்டு இருக்காங்க, உள்ள போயி ஏமாறாத, வீட்டைப் பாத்துப் போ. அந்தப் பொண்ணு மூஞ்சி மாறும்னு பாத்தேன். மாறவே இல்ல. தெரியுங்க மேடம்னுச்சு. தெரியுமா? நான் ரெண்டாவது தடவை வர்றேங்க, போன வாரம் பச்சையம் நான்தான் நடத்தினேன்னுச்சு. அடிப்பாவி, தெரிஞ்சுமா நீ வர்றேன்னு கேட்டேன். அது சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு, வீட்ல இருந்தா வரன் பாக்குறவங்களுக்குக் காப்பி குடுத்துக்கிட்டு இருப்பேங்க, இங்க வந்தா ஒரு முக்கா மணி நேரமாச்சும் டீச்சரா இருக்கலாமில்லைங்கன்னுச்சு. சொல்லிட்டு வெக்கமா சிரிச்சுச்சு. பெல் அடிச்சுது. எனக்கு நீராவிப்போக்கு குடுத்திருக்காங்க, எங்கேர்ந்து எடுக்கணுங்க மேடம்னு கேட்டுச்சு. என்னை அறியாமயே வாய் பேசுது: இலைத்துளை முடிஞ்சுருச்சு, நீராவிப்போக்குலேர்ந்தே எடு, கடைசி பெஞ்சில அகத்தியன்னு ஒருத்தன், கை தூக்க மாட்டான், பக்கத்துல போயி கேளு, எழுப்பி நிறுத்திடாத, பசங்க சிரிச்சுருவாங்க. சரிங்க மேடம், சரிங்க மேடம்னு தலையை ஆட்டிக்கிட்டே சார்ட்டோட ஓடுச்சு. மாடிப்படி திரும்புற எடத்துல அது மறைஞ்சு கொஞ்ச நேரத்துல ஏழாவது பி-யோட சத்தம் கேட்டுச்சு, குட் மார்னிங் மிஸ்ஸ்ஸ். எனக்கு இல்ல அது. அந்தப் பொண்ணுக்கு.

பஸ்ஸுக்குப் போகணும். போயி மித்ரா அப்பாகிட்ட, கிடைக்கலைங்க, வியாழக்கிழமை செக்கிங்குக்குப் போறேன்னு சொல்லணும். சொன்னா வெங்காயத்தை அவரே வாங்கி அரிஞ்சு குடுப்பார், அதுதான் தாங்காது. ஒண்ணாந்தேதி போகலன்னா மாமா எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவார், அப்புறம் அவர் முகத்துல முழிக்க முடியுமா, சொந்தத்துல என்ன பேச்சு வரும், எல்லாம் தெரியுது. அது நிஜ வேலை. மாசமானா சம்பளம் வரும். இது பொய்யி, வெறும் பொய்யி, அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. சுவாசித்தல் யார் வேணா நடத்துவாங்க, நான் இல்லன்னா இன்னொரு பைத்தியம் வரும், இந்த ஊர்ல பி.எட். படிச்சவளுக்கா பஞ்சம். அந்தப் பொண்ணே நடத்தும். நல்லாவும் நடத்தும். நடத்தட்டுமே, எனக்கென்ன. எனக்கென்ன? எனக்கு வேணும். சம்பளம் இல்லாட்டியும், ஏமாத்துனாலும், சிரிச்சாலும், அந்தக் கிளாஸ்ல இன்னொரு தடவை போயி நிக்கணும் எனக்கு, அவ்வளவு ஆசையா இருக்குது, வெக்கங்கெட்ட ஆசை, யார்கிட்டயும் சொல்ல முடியாது. வாசல் கேட் பக்கம் நடந்துக்கிட்டு இருந்த காலு நின்னுருச்சு. பிரின்சிபால் ரூம் கதவை ரெண்டு விரலால தட்டி, பாதி தொறந்து, தலையை மட்டும் உள்ள நீட்டினேன். என்ன மேடம்னாங்க. வியாழக்கிழமை எத்தனாவது பீரியடுங்கன்னு கேட்டேன்.